நாலு மணித் தொங்காங்

கோலாலம்பூர் ரயில் நிலையத்தில் இரண்டாம் நம்பர் டிக்கெட் சன்னலுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷம் அசையாமல் உட்கார்ந்தே நாகையா சிலாங்கூர் கடற்கரை முழுவதையும் சுற்றி முடித்துவிட்டார். போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு டிக்கெட் வாங்குகிறவனை "எந்தத் தீவுக்கு?" என்று கேட்பார். திரும்பி வருகிறவனைப் பிடித்து "என்ன பாத்தே?" என்று குடைவார். அவன் கொடுத்த கையளவுக் கதையில் தன் பங்குக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் அண்டாவாக இறக்கிவைப்பார்.

கெத்தாம் தீவில் நண்டுகள் வெயில் தாழ்ந்ததும் குடும்பத்தோடு உலாவக் கிளம்பும். அப்பா நண்டு முன்னால் நடந்து வழி கேட்கும். ஜெராமின் மணல் சீனி மாதிரி வெளுப்பு. எறும்புக் கூட்டம் வந்து ஏமாந்து அழுதுகொண்டு போனதைக் கண்ணால் பார்த்தவர் உண்டு. கேரித் தீவின் தென்னைகள் அத்தனை உயரம். மேலிருந்து இளநீராகப் புறப்படும் காய் தரைக்கு வந்து சேர்வதற்குள் முற்றித் தேங்காயாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேல் அந்த ஊற்று. கெத்தாமின் பின்புறம், உப்புத் தண்ணீருக்கு நடுவில், ஒரு பாறை இடுக்கில் இளநீரைத் தோற்கடிக்கும் இனிப்போடு ஊறும் தண்ணீர். ஒரு கை குடித்தவனுக்கு மூன்று நாள் பசி எடுக்காது.

இத்தனையும் சொன்ன நாகையா கிள்ளானைத் தாண்டிப் போனதே கிடையாது. குளிக்கிற தொட்டியில் தண்ணீர் கொஞ்சம் ஆடினாலே அவருக்குத் தலை சுற்றும். இது அவர் மனைவி புஷ்பவல்லிக்குக்கூடத் தெரியாது.

ஜப்பான்காரன் வந்து உட்கார்ந்ததும் ஊரில் இருக்கிற கடிகாரங்களையெல்லாம் தோக்கியோ நேரத்துக்கு மாற்றச் சொன்னான். ஒன்றரை மணி நேரம் முன்னால். சூரியன் மட்டும் உத்தரவு கிடைக்காத பழைய குமாஸ்தா மாதிரி பழைய நேரத்துக்கே வேலைக்கு வந்துகொண்டிருந்தது. நாகையாவும் சன்னலில் தோக்கியோ நேரத்துக்குத்தான் டிக்கெட் கொடுத்தார். ஆனால் சட்டைப் பையில் இருந்த வாட்சின் முள்ளை மட்டும் தொடவில்லை.

"பெரிய பெரிய பட்டாளமெல்லாம் கையத் தூக்கிடுச்சு. என் வாட்சு இன்னும் சரணடையல" என்பார், மார்பைத் தட்டி.

சிரித்தவர்களும் போய்த் தங்கள் வாட்சைப் பழையபடி திருப்பி வைத்துக்கொண்டார்கள். குடியிருப்பில் அதுவே வழக்கமாகிவிட்டது. யார் எதற்கு நேரம் குறித்தாலும் எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "நம்ம மணியா, அவன் மணியா?" பெண் பார்க்கப் போவதற்கும் பிணம் எடுப்பதற்கும் அந்தக் கேள்வி இல்லாமல் பேச்சு முடியாது. கேட்க மறந்த இடத்தில், அது நம்ம மணிதான் என்று கொள்ள வேண்டும். அதுவும் நாகையா போட்ட சட்டம்.

1943-ல் ஒரு செவ்வாய்க்கிழமை, சயாமில் ரயில் பாதை போடப் போகிறவர்களின் பெயர்ப் பட்டியலை நிலையத்தில் ஒட்டினார்கள். ஏழாவது பெயர் பக்கிரிசாமி. புஷ்பவல்லியின் ஒரே தம்பி. செந்தூல் ரயில்வே பட்டறையில் பிட்டர், இருபத்தாறு வயது. பேசுவது குறைவு, சாப்பிடுவது ஏராளம். அவன் உட்கார்ந்து எழுந்த இடத்தில் வெட்டுக்கிளி வந்து பார்த்துவிட்டு இனி இங்கே வேலையில்லை என்று போய்விடும். திங்கட்கிழமை காலை ரயிலேற வேண்டும். போன தடவை போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை, கடுதாசியும் வரவில்லை.

புஷ்பவல்லி அழவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து கணவர் முன்னால் நின்றாள்.

"இந்தாங்க. உங்களுக்குத்தான் எல்லாத் தீவும் தெரியுமே. எதுலயாவது ஒண்ணுல இவனைக் கொண்டுபோய் விட்டுட்டு வாங்க."

"அது வந்து..."

"வீட்டுல ஒளிச்சு வச்சுப் பிடிச்சான்னா வீட்டோட கொண்டுபோயிருவான். கடல்ல போயிட்டா ஆள் காணோம்னு எழுதிட்டு விட்டுருவான். நீங்கதானே சொன்னீங்க, அந்த ஊத்துப் பக்கம் ஒரு ஈ காக்கா வராதுன்னு?"

நாகையா வாயைத் திறந்தார். அவ்வளவு காலமாக அந்த வாய்க்குள் குடியிருந்த தீவுகளில் ஒன்றுகூட வெளியே வந்து அவருக்குக் கைகொடுக்கவில்லை. "போலாம்" என்றார்.

புதன்கிழமை ஜெராம். கிள்ளானிலிருந்து ஒரே சைக்கிளில் இரண்டு பேரும் மாறி மாறி மிதித்துப் போனார்கள். சீனி மணலைத் தேடிய நாகையாவின் கால் முழங்கால் வரை சேற்றில் இறங்கி, வர மாட்டேன் என்று அடம் பிடித்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறு. அதில் கெராங் சிப்பி பொறுக்கும் பெண்கள். கரையில் புதிதாக மூங்கிலில் கட்டிய காவல் கோபுரம். அதன்மேல் ஒரு சிப்பாய் தூரக் கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

"மச்சான், மணல் எங்க?" என்றான் பக்கிரிசாமி.

"ஜப்பான்காரன் அள்ளிட்டுப் போயிருப்பான் மாப்ள. அவன் எதைத்தான் விட்டான்?"

வியாழக்கிழமை கெத்தாம். மீன் படகு துறையை விட்டு நகர்ந்து பத்து அடி போவதற்குள் நாகையா குனிந்து வாந்தியெடுத்தார். அன்றைய கிழங்கு, நேற்றைய கிழங்கு, யுத்தத்துக்கு முன்னால் சாப்பிட்ட கல்யாணச் சோறு வரைக்கும் வெளியே வந்தது. பக்கிரிசாமி அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். இருபத்திரண்டு வருஷத்து மாலுமியை ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான்.

அந்தத் தீவுக்குத் தரையே இல்லை. சேற்றில் கால் ஊன்றி நிற்கும் மரவீடுகள், நடுவில் பலகைப் பாதைகள், காய்கிற வலைகள். குடியிருந்த அத்தனை பேரும் சீனர்கள். வயதான மீனவர் ஒருவர் உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு மலாயில் பொறுமையாகச் சொன்னார்: இந்தத் தீவில் எங்களையே மாதத்துக்கு இரண்டு தடவை வரிசையில் நிறுத்தி எண்ணுகிறார்கள். இத்தனை சீன முகத்துக்கு நடுவில் இந்தத் தம்பி, வெள்ளைச் சோற்றில் மிளகு மாதிரி தெரிவான். அவனோடு சேர்த்து எங்களில் பத்துப் பேர் போக வேண்டிவரும்.

வாசலில் மழைத் தண்ணீர் பிடிக்கிற பெரிய ஜாடிகள் வரிசையாக நின்றன. தீவுக்கு அதுதான் குடிதண்ணீர் என்றார். மழை தவறினால் கிள்ளானிலிருந்து படகில் வர வேண்டுமாம்.

பலகைப் பாதையில் திரும்பி நடக்கும்போது பக்கிரிசாமி மெதுவாகக் கேட்டான். "மச்சான், அந்த ஊத்து?"

"வத்திருச்சு" என்றார் நாகையா.

"ம்" என்றான் அவன். "நண்டுங்க உலாவ வந்தா எனக்கும் காட்டுங்க" என்றான்.

வெள்ளிக்கிழமை கேரித் தீவு. அங்கே தோட்டம் இருக்கிறது, நம் சனங்கள் இருக்கிறார்கள், கூட்டத்தோடு கூட்டமாக ஒருவனைச் சொருகிவிடலாம் என்பது நாகையாவின் கணக்கு. ஆற்றைப் படகில் கடந்து, தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயங்களுக்கு வந்தார்கள். தென்னைகள் சாதாரணத் தென்னைகள்தான். லயத்தில் பத்து வீட்டுக்கு ஏழு வீடு பூட்டிக் கிடந்தது. திறந்திருந்த வீடுகளிலும் ஆம்பிளைச் செருப்பு ஒன்றுகூட இல்லை. சீதாலெட்சுமி என்ற பெண் முறத்தில் புளிச்சக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"போன மாசம் லோரி வந்துச்சுண்ணே. படம் காட்டுறோம், எல்லாரும் வாங்கன்னான். சிரிச்சுக்கிட்டே போனாங்க" என்றாள். பக்கிரிசாமியை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க ஒளிய இங்க வந்தீங்களா? இங்கேருந்து ஒளிய எங்க போறதுன்னு நாங்க பாத்துக்கிட்டிருக்கோம் லா."

சொல்லிவிட்டுக் கீரையில் பாதியை இலையில் சுற்றி அவனிடம் கொடுத்தாள். அந்த லயத்தில் அன்றைக்கு அவ்வளவுதான் இருந்திருக்கும்.

மூன்று நாளில் மூன்று இடம். நாகையாவின் வாய்க்குள் இருந்த கடற்கரை முழுக்கக் காலியாகிவிட்டது. சனிக்கிழமை போர்ட் துறையில் கருவாட்டுக் குவியல்களுக்கு நடுவே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தவரை யாரோ தோளில் தட்டினார்கள்.

கௌஸ் மரைக்காயர். பரங்கிப்பேட்டைக்காரர். தொங்காங் என்கிற பெரிய சரக்குப் படகு ஒன்றில் கரியும் கருவாடும் ஏற்றிக் கடற்கரையோரமாகவே போய்வருகிற வியாபாரி. நாகையாவின் சன்னலில் பல வருஷம் டிக்கெட் வாங்கியவர். அவரிடம் கேட்ட கதைகள்தான் நாகையாவின் தீவுகளுக்குப் பாதி மூலதனம்.

நாகையா காதோடு காதாக எல்லாவற்றையும் சொன்னார். மரைக்காயர் தாடியைத் தடவினார்.

"சபாக் ஊருக்கு அந்தாண்ட, பாக்காவ் மரக் காட்டுக்குள்ள எனக்கு ஒரு கரிச்சூளை இருக்கு. மரத்துக்கு வேர் எங்க, ஆளுக்குக் கால் எங்கன்னு தெரியாத சேறு. எந்தச் சிப்பாயும் பூட்ஸோட இறங்க மாட்டான். கரி சுட ஒரு ஆளு வேணும்தான். வரட்டும்."

நாகையாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தத் தண்ணீரோடு பழைய வாயும் திரும்பி வந்துவிட்டது. "பாய், நானே ஒரு படகு எடுத்துக்கிட்டுக் கொண்டுபோய் விட்டுருப்பேன். இந்தக் கடல்ல ஏத்தம் எப்ப, வத்தம் எப்பன்னு எனக்கு மூக்காலேயே தெரியும். படகுதான் கிடைக்கல."

மரைக்காயர் சிரித்தார். "அப்ப நல்லதாப் போச்சு. நாளைக்கு நாலு மணி. ஏத்தம் நிறைஞ்சதும் எடுத்துருவேன். ஒரு நிமிஷம் நிக்க மாட்டேன், நாகையாண்ணே. தண்ணி இறங்கிட்டா தொங்காங் சேத்துல உக்காந்துரும். ரோந்துப் படகு வந்து என்ன ஏதுன்னு கேக்கும். அடுத்த நடை பதினஞ்சு நாள் கழிச்சுத்தான். உங்களுக்குத் தெரியாததா?"

நம்ம மணியா, அவன் மணியா? கேள்வி நாகையாவின் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. பிரிக்பீல்ட்ஸில் கைக்குழந்தைகூடக் கேட்கும் கேள்வி. ஆனால் ஏற்ற வற்றத்தை மூக்கால் அறிகிறவன் அதைக் கேட்பானா? தண்ணீர் நிறையும் நேரத்தைக் கேட்டால், இந்த ஆள் கடலையே பார்த்ததில்லை என்று மரைக்காயருக்குத் தெரிந்துவிடாதா? தவிர, தமிழன் தமிழனிடம் கருவாட்டு மறைவில் ரகசியமாகச் சொன்ன மணி. அது நம்ம மணியாக இல்லாமல் வேறு என்ன?

"எனக்குத் தெரியாததா!" என்றார் நாகையா.

ஞாயிற்றுக்கிழமை போர்ட்டுக்குப் பகலில் இரண்டு ரயில். முதல் ரயிலுக்கே போய்விடலாம் என்றான் பக்கிரிசாமி. நாகையா வாட்சை எடுத்துப் பார்த்தார். மனதுக்குள் ஒன்றரையைக் கூட்டினார், கழித்தார். அடுத்த ரயிலில் போனாலே படகுக்கு முக்கால் மணி நேரம் மிச்சம். துறையில் வெறுமனே காத்து நின்றால் காவல்காரன் கண்ணில் விழும்.

"அடுத்த ரயில் போதும். அவசரப்படுறவன்தான் மாட்டுவான்" என்றார்.

புஷ்பவல்லிக்கு அதுவே போதும். மரவள்ளிக் கிழங்கைச் சீவிக் காயவைத்து இடித்த மாவில், எங்கிருந்தோ சம்பாதித்த தேங்காய்ப்பூவை வைத்துக் கொழுக்கட்டை அவித்திருந்தாள். தம்பியைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"இன்னும் ரெண்டு வச்சுக்கடா. கரிச்சூளையில யாரு உனக்கு அவிச்சுத் தருவா?"

"வயிறு வெடிச்சிரும்க்கா."

"வெடிக்கட்டும். நான் தைக்கிறேன்."

அவன் அந்த இரண்டையும் தின்றான். வெளியே முதல் ரயில் ஊதிக்கொண்டு போனது.

போர்ட்டில் இறங்கும்போது நாகையாவின் வாட்சில் மூன்றேகால். வெயில் நன்றாக இருந்தது. கருவாட்டுக் கிடங்குகளைச் சுற்றி மெதுவாக, ஊர் பார்க்க வந்தவர்கள் போலக் கைவீசி நடந்தார்கள். துறை முனைக்கு வந்ததும் நாகையா நின்றார்.

கரையோரம் தண்ணீர் இல்லை. துறைக் கம்பங்கள் இடுப்புவரை ஈரமாக, தாங்களே இப்போதுதான் குளித்து எழுந்த மாதிரி நின்றன. கீழே சேறு பளபளத்தது. சேற்று மீன்கள் துடுப்பை ஊன்றித் தத்தித் திரிந்தன. தொங்காங் கட்டுகிற இடத்தில் ஒரு நீளப் பள்ளம் மட்டும் கிடந்தது. அதில் தேங்கிய நீரும் வடிந்துகொண்டிருந்தது.

நண்டுக் கூடையோடு ஒரு மலாய்க்காரப் பெண் உட்கார்ந்திருந்தாள். நாகையா தொங்காங் எங்கே என்று கையால் கேட்டார்.

"சுடா பெர்கி லா" என்றாள். போய்விட்டதாம். நாலு மணிக்கே. சொல்லிவிட்டு ரயில் நிலையக் கடிகாரத்தின் பக்கம் தாடையைக் காட்டினாள். அது அங்கிருந்தே தெரிந்தது. ஐந்து தாண்டியிருந்தது. அந்தத் தொப்பி போட்ட படகுக்காரர் கொஞ்ச நேரம் கரையைக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றும் சொன்னாள்.

நாகையா வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முள் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது.

பக்கிரிசாமி வாட்சைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், சேற்றைப் பார்த்தான். பட்டறையில் இரும்பை அளந்து பழகிய கண். ஒரு பார்வையில் அளந்துவிட்டான்.

"மாப்ள, நான் கேட்டிருக்கணும். ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

"விடுங்க மச்சான். உக்காருங்க. மூஞ்சி வெளிறிப்போச்சு." அவரைக் கருவாட்டுப் பெட்டிமேல் உட்காரவைத்தான். "எப்படியோ கடற்கரையெல்லாம் சுத்திப் பாத்தாச்சு. என் கூட்டாளிங்க ஒருத்தனும் இத்தனை ஊர் பாத்ததில்ல."

பதினைந்து நாள் ஒளிய இடமில்லை. ஒளியலாம் என்று நினைத்த மூன்று இடத்தையும் பார்த்தாகிவிட்டது. கடைசி ரயிலில் திரும்பினார்கள்.

கதவைத் திறந்த புஷ்பவல்லி தம்பியைக் கண்டதும் வாசலைப் பிடித்துக்கொண்டாள். நாகையா நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் பக்கிரிசாமி முந்திக்கொண்டான்.

"படகு போயிருச்சுக்கா. முத ரயிலுக்கே போயிருக்கணும். உன் கொழுக்கட்டை விடல." சிரித்தான். மச்சானைக் காப்பாற்ற அவன் கைக்குக் கிடைத்த முதல் பொய் அதுதான். அது எங்கே போய்க் குத்தும் என்று அவன் நினைத்துப் பார்க்கவில்லை.

அப்போதே நாகையா சொல்லியிருக்கலாம். ஊரில் இல்லாத ஊற்றைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற வாய் அன்றைக்கு மூடிக்கொண்டது.

திங்கட்கிழமை ரயிலுக்கு டிக்கெட் கிடையாது. சரக்குப் பெட்டிகளில் ஆட்களை ஏற்றினார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக, ஒரு ரயில் நிறைய ஆட்கள் நாகையாவின் சன்னலைத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். அவர் சன்னலை விட்டு எழுந்து வந்து பெட்டியோரம் நின்றார்.

"மச்சான்!" பக்கிரிசாமி தலைகளுக்கு நடுவிலிருந்து கத்தினான். "வழியில இவங்களுக்குச் சொல்ல ஒண்ணு குடுங்க. அந்த ஊத்து என்னாச்சு?"

நாகையா பெட்டியின் விளிம்பைப் பிடித்தார். "திரும்ப ஊறுதுடா" என்றார்.

பெட்டிக்குள் யாரோ சிரித்தார்கள். கதவை இழுத்துச் சாத்தினார்கள்.

அதன்பிறகு இரண்டு வருஷம் புஷ்பவல்லி கொழுக்கட்டை மாவைத் தொடவில்லை. வீட்டில் அது ஏன் என்று பேசவும் இல்லை.

யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரன் திரும்பி வந்து, கடிகாரங்களையெல்லாம் பழையபடி பின்னுக்குத் திருப்பி வைத்த மாதம் சின்னையா வந்து சேர்ந்தான். பக்கிரிசாமியோடு அதே சரக்குப் பெட்டியில் போனவன். கால்கள் இரண்டும் குடைக்கம்பி மாதிரி இருந்தன. அவன் சொன்னது கொஞ்சம்தான். இரண்டாவது மழையில் காலரா வந்தது. பக்கிரிசாமி நான்கு நாள் கிடந்தான். தண்ணீர் கேட்டான். கொடுக்கிற மாதிரித் தண்ணீர் அங்கே இல்லை.

"உங்க தீவெல்லாம் எங்க முகாமுக்கே மனப்பாடம்ணே. தினமும் ஒண்ணு சொல்லுவாரு. என் மச்சான் சொல்றது அத்தனையும் பொய், ஆனா கேளுங்கடான்னு தொடங்குவாரு" என்றான் சின்னையா. எழுந்து போகும்போது, "அந்த ஊத்துத் தண்ணிய மட்டும் நாங்க நம்பினோம்" என்றான்.

அவன் போன பிறகு புஷ்பவல்லி அடுப்படியில் சுவரோடு உட்கார்ந்தாள். நாகையா எதிரில் உட்கார்ந்தார்.

"அந்த ரெண்டை நான் வைக்காம இருந்திருந்தா முத ரயில்ல போயிருப்பான்" என்றாள். இரண்டு வருஷமாக உள்ளேயே வைத்திருந்ததை அப்படியே எடுத்துக் கீழே வைத்தாள்.

"அது இல்ல புஷ்பம்." நாகையா சொல்லத் தொடங்கினார். ஒரு துளி தண்ணீர் கலக்காமல் சொன்னார். கிள்ளானைத் தாண்டியதில்லை என்பது, படகில் எடுத்த வாந்தி, மூக்கால் அறிவேன் என்று மரைக்காயரிடம் அளந்தது, நாக்கு நுனிவரை வந்து விழாமல் போன ஒரு கேள்வி, எல்லாம். அவர் வாழ்க்கையில் இவ்வளவு நீளத்துக்கு உண்மை பேசியது அதுதான் முதல் தடவை. பேசி முடித்தபோது சட்டை நனைந்திருந்தது.

புஷ்பவல்லி கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு லேசாகச் சிரிப்புகூட வந்தது.

"மரைக்காயர்கிட்ட நீங்க நம்ம மணியா, அவன் மணியான்னு கேக்காம வந்தீங்களாக்கும்? இந்த ஊருக்கே அதைச் சொல்லிக் குடுத்தவரு நீங்க."

"சத்தியமா கேக்கல."

"எனக்காகச் சொல்றீங்க. தெரியுது. இத்தனை வருஷத்துல நீங்க சொன்னதுலயே இதுதான் நல்ல கதை."

"கதை இல்ல புஷ்பம். இதோ பாரு, இந்த வாட்சுதான்." நாகையா பையிலிருந்து அதை எடுத்து அவள் முன்னால் நீட்டினார். முள் அன்றைக்கு ஓடிய அதே பழைய நேரத்தில்தான் இன்னும் ஓடியது.

அதே சமயம் நிலையத்தில் ஐந்து மணிச் சங்கு ஊதியது. புஷ்பவல்லி வாட்சைப் பார்த்தாள். ஐந்து. ஒரு நிமிஷம்கூட முன்பின் இல்லை.

"சரியாத்தானே ஓடுது" என்று அவர் கையை மூடி வாட்சை உள்ளே வைத்துவிட்டு, அடுப்பு மூட்ட எழுந்தாள்.